மலையில் திணறும் லீஃப்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

இலங்கை மலையகத்தில் ஓடும் சிறிய மின்கார்களில் நிறைய, 2014, 2015 வாக்கில் ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக இறங்கிய நிசான் லீஃப்கள். இப்போது அவற்றுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. 2022இல் பெட்ரோல் வரிசையில் ஊரே நின்றபோது வீட்டு வாசலில் சார்ஜ் போட்டு ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் ஓடிய வண்டிகள் இவை. ஆனால் இன்று எந்தக் கோளாறு வந்தாலும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பேட்டரி போயிடுச்சு."

பெரிய பேட்டரி மாற்றுவது ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பைத் தின்றுவிடும் செலவு. அதனால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால் மூன்று பேரை விசாரிக்க வேண்டும்: ஏறிய மலை, முன்பக்கம் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி, வீட்டு பிளக். இந்த மூன்றும் தப்பித்த பிறகுதான் பெரிய பேட்டரியைச் சந்தேகிக்கலாம். கீழே உள்ளவை பெரும்பாலும் 24 யூனிட் பேட்டரி கொண்ட முதல் தலைமுறை லீஃபுக்கானவை. யூனிட் என்று நான் சொல்வது மின்சார பில்லில் வரும் அதே யூனிட்தான், அதாவது ஒரு கிலோவாட் மணி.

ஒரு எச்சரிக்கை முதலில். செம்மஞ்சள் நிறக் கேபிள் எதைக் கண்டாலும் கை வைக்கக் கூடாது. அந்தப் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது 390 வோல்ட்டைத் தாண்டும், அதுவும் நேர் மின்னோட்டம். இங்கே நான் சொல்லும் சோதனைகளில் எதற்கும் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

"முன்பு ஒரே சார்ஜில் நுவரெலியா ஏறியது, இப்போது ஏறவில்லை"

மலைநாட்டில் அதிகம் கேட்கும் புகார் இது. இதற்கு விடை பாதி கணக்கில் இருக்கிறது.

ஆட்களும் மூட்டையும் சேர்த்து வண்டி சுமார் 1,750 கிலோ என்று வைப்போம். அதை 100 மீட்டர் உயரம் தூக்க 0.48 யூனிட் வேண்டும். மோட்டாரிலும் இன்வர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும், ஆகவே 0.55 என்று கொள்ளலாம். கம்பளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 480 மீட்டர். நுவரெலியா 1,868 மீட்டர். வித்தியாசம் 1,400 மீட்டருக்குக் கிட்ட. உயரத்துக்கு மட்டுமே ஏழரை முதல் எட்டு யூனிட் போகிறது. இதற்குமேல் புசல்லாவை, றம்பொடை வழியாக ஐம்பத்தைந்து கிலோமீட்டர் அளவுக்கு உருளும் செலவு இருக்கிறது. அந்த வளைவுகளில் மெதுவாகப் போனாலும் ஆறு யூனிட் பிடிக்கும். கூட்டினால் பதினான்கை ஒட்டி நிற்கிறது. மழை, வைப்பர், ஹீட்டர் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும்.

புதிதாக இருந்தபோது அந்தப் பேட்டரியிலிருந்து 21 யூனிட் வரை எடுக்க முடிந்தது. ஆகவே கம்பளையில் நிரப்பிவிட்டு ஏறினால் மேலே போனபோதும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. இப்போது மீட்டரின் வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டங்களை எண்ணுங்கள். சார்ஜ் அளவைக் காட்டும் பெரிய கட்டங்களை விட்டுவிடுங்கள், அவற்றின் ஓரமாக இருக்கும் சின்னக் கட்டங்களே பேட்டரியின் கொள்ளளவைச் சொல்பவை. மொத்தம் 12. முதல் கட்டம் அணையும்போது கொள்ளளவில் சுமார் 15 சதவீதம் போயிருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு கட்டமும் ஆறேகால் சதவீதம். எனவே 9 கட்டம் என்றால் கொள்ளளவு 66க்கும் 72க்கும் இடையே, 8 கட்டம் என்றால் 60க்கும் 66க்கும் இடையே.

8 கட்ட வண்டியில் எடுக்கக் கூடியது 13, 14 யூனிட். அந்த ஏற்றத்துக்குத் தேவை 14. வண்டி லபுக்கலை பக்கத்தில் திணறுவதற்கு இதுவே போதும், வேறு கோளாறு எதுவும் வேண்டாம். 9 கட்ட வண்டி நல்ல வெயில் நாளில் ஒரு ஆளோடு ஏறிவிடும், குடும்பத்தோடு மழையில் ஏறாது. ஒரே வண்டி ஒரு வாரம் ஏறி மறு வாரம் ஏறாததால் பலர் குழம்பிப் போவது இதனால்தான்.

ஆகவே இந்த அறிகுறிக்குச் செய்ய வேண்டியது: நீங்கள் வழக்கமாக ஏறும் இரண்டு ஊர்களின் உயரத்தையும் தூரத்தையும் எடுத்து, 100 மீட்டருக்கு 0.55, கிலோமீட்டருக்கு 0.11 என்று போட்டுப் பாருங்கள். விடை உங்கள் பேட்டரியின் கொள்ளளவுக்குப் பக்கத்தில் வந்தால் வண்டி சரியாகத்தான் இருக்கிறது, பயணத்தைத்தான் மாற்ற வேண்டும். நடுவில் தெரிந்த ஒரு வீட்டிலோ ஹோட்டலிலோ ஒரு மணி நேரம் செருகினால் மூன்று யூனிட் ஏறும். அது 500 மீட்டர் உயரத்துக்குச் சமம். விடை கொள்ளளவுக்கு வெகு கீழே இருந்தும் வண்டி நின்றால், மூன்றாவது அறிகுறிக்குப் போங்கள்.

"மீட்டரில் 140 கிலோமீட்டர் காட்டியது, 40 கூட ஓடவில்லை"

இது கோளாறே இல்லை. மீட்டரில் தெரியும் கிலோமீட்டர், கடைசியாக நீங்கள் ஓட்டிய விதத்தை வைத்து வண்டி போடும் ஊகம். நுவரெலியாவிலிருந்து கீழே இறங்கி வந்த வண்டி, இனி வாழ்நாள் முழுக்க இறக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு பெரிய எண்ணைக் காட்டும். மறுநாள் அதை நம்பி ஏறினால் எண் கண் முன்னே சரியும்.

மலையில் ஓட்டுகிறவர்கள் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். 2013க்குப் பிந்தைய லீஃப்களில் சதவீதம் காட்டும் வசதி இருக்கிறது, அதை மீட்டரில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தையவற்றில் சார்ஜைக் காட்டும் பெரிய கட்டங்கள் மட்டுமே, அவற்றை எண்ணத்தான் வேண்டும். மீட்டர் எழுத்து ஜப்பான் மொழியில் இருப்பதால் பலர் இந்தப் பக்கத்துக்குப் போனதே இல்லை. ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தி அழுத்தி எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எண்ணைப் படிக்க மொழி தேவையில்லை.

"30 சதவீதம் இருந்தது, ஏற்றத்தில் திடீரென்று ஆமை வந்துவிட்டது"

இங்கேதான் பெரிய பேட்டரியை உண்மையாகவே சந்தேகிக்க வேண்டும். ஆமை என்பது மீட்டரில் வரும் மஞ்சள் ஆமைப் படம். அது வந்தால் வண்டி பலத்தைக் குறைத்துத் தவழும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சாதாரணமாக அதற்கு முன்னால் இரண்டு எச்சரிக்கைகள் வரும்: முதலில் சார்ஜ் குறைவு விளக்கு, அப்புறம் கிலோமீட்டர் இருந்த இடத்தில் வெறும் கோடுகள், கடைசியாக ஆமை. இந்த வரிசையில் மெதுவாக வந்தால் சார்ஜ் தீர்ந்தது என்று அர்த்தம். வரிசை தவறி, சார்ஜ் இருக்கும்போதே குதித்து வந்தால் ஒரு செல் பலவீனமாகிவிட்டது என்று பொருள்.

ஏன் அப்படி? 24 யூனிட் பேட்டரிக்குள் 192 தட்டையான செல்கள் இருக்கின்றன. நான்கு நான்காக 48 உலோகப் பெட்டிகளில் அடைத்து, எல்லாவற்றையும் 96 சோடிகளாகத் தொடரில் இணைத்திருக்கிறார்கள். தொடர் இணைப்பில் ஒரே மின்னோட்டம்தான் எல்லாச் சோடிகள் வழியாகவும் போக வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பலவீனமான சோடியின் வோல்ட் மற்றவற்றைவிட முன்னாலேயே விழும். மீதி 95உம் நன்றாக இருந்தாலும் அந்த ஒன்றைக் காப்பாற்ற வண்டி எல்லாவற்றையும் நிறுத்துகிறது. சமதரையில் மெதுவாக ஓட்டும்போது இந்தக் கோளாறு தலைகாட்டாது. கொழும்பில் ஓட்டிப் பார்த்து "நல்ல வண்டி" என்று வாங்கி வந்தவர்கள் கினிகத்தேனை ஏற்றத்தில் முதன்முதலாக ஆமையைப் பார்ப்பது இப்படித்தான்.

சோதிப்பதற்கு இரண்டு பொருள் போதும். ஒன்று, ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி சொக்கெட்டில் செருகும் சின்ன புளூடூத் டொங்கிள். மற்றது, போனில் லீஃப் ஸ்பை என்ற ஆப். அது 96 சோடிகளின் வோல்ட்டையும் வரைபடத்தில் கம்பி கம்பியாகக் காட்டும், மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மில்லிவோல்ட்டில் சொல்லும்.

இதைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது, முறை தவறினால் ஒன்றும் தெரியாது. முதலில் வண்டி நிற்கும்போது, பாதி சார்ஜில் பாருங்கள். நல்ல பேட்டரியில் வித்தியாசம் 20, 30 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு "சரி" என்று விட்டுவிடக் கூடாது. பலவீனமான செல்கூடச் சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். அப்புறம் சார்ஜை 30 சதவீதத்துக்கும் கீழே கொண்டு வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நல்ல ஏற்றத்தில் ஏற வேண்டும். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும், பக்கத்தில் ஒருவர் போனைப் பார்க்கட்டும். ஏறும்போது எல்லாக் கம்பிகளும் சேர்ந்து தாழும், அது இயல்பு. ஒன்றோ இரண்டோ மட்டும் கூட்டத்தை விட்டு 150, 200 மில்லிவோல்ட் கீழே தொங்கினால், அந்தச் சோடியின் எண்ணை எழுதி வையுங்கள். இன்னொரு நாள் மீண்டும் பாருங்கள். அதே எண் மீண்டும் தொங்கினால் முடிவு செய்துவிடலாம்.

ஒன்றிரண்டு மட்டும் தொங்கினால் நல்ல செய்திதான். முழுப் பேட்டரியை மாற்றத் தேவையில்லை, அந்தச் சோடி இருக்கும் பெட்டியை மட்டும் மாற்றலாம். விபத்தில் அடிபட்ட லீஃப்களிலிருந்து கழற்றிய பெட்டிகள் கொழும்புப் பக்கம் கிடைக்கின்றன. ஆனால் மாற்றுப் பெட்டியின் கொள்ளளவு உங்கள் பழைய பெட்டிகளின் கொள்ளளவுக்குக் கிட்ட இருக்க வேண்டும், போடும் முன் வோல்ட்டையும் மற்றவற்றோடு சமப்படுத்த வேண்டும். புத்தம் புதிய பெட்டி ஒன்றைப் பழைய கூட்டத்தில் போட்டால் பலன் இல்லை. மொத்தக் கொள்ளளவைத் தீர்மானிப்பது இருப்பதில் மிகப் பலவீனமான சோடிதான்.

எல்லாச் சோடிகளும் ஏணிப்படி போலச் சிதறிக் கிடந்தால் அது வயது. சில சமயம் பல மாதம் 100 சதவீதம் வரை ஏற்றாமலேயே ஓட்டியதால் சமநிலை குலைந்திருக்கவும் கூடும். சில இரவுகள் முழுதாக ஏற்றிவிட்டுச் சில மணி நேரம் அப்படியே விட்டுவைத்தால் வண்டி தானே செல்களை மெதுவாகச் சமப்படுத்தும். அதன் பிறகும் சிதறல் குறையாவிட்டால் பெட்டி பெட்டியாக மாற்றிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

பெட்டி மாற்றுவது வீட்டு முற்றத்து வேலை கிடையாது. தனிக் கையுறை, பேட்டரியை இரண்டாகத் துண்டிக்கும் சேவிஸ் பிளக்கைக் கழற்றிய பிறகு மின்தேக்கிகள் வடியும்வரை காத்திருப்பது, கழற்றிய பின்னும் வோல்ட்டை அளந்து பார்ப்பது, இவற்றைச் சொல்லாமலேயே செய்கிற மெக்கானிக் பாஸிடம் மட்டும் கொடுங்கள். கேட்டதற்கு "அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

"காலையில் பட்டனை அழுத்தினால் எல்லா விளக்கும் எரிகிறது, வண்டி அசையவில்லை"

மீட்டர் முழுக்க மஞ்சளும் சிவப்பும், ஜப்பான் எழுத்தில் என்னவோ எச்சரிக்கை, பிரேக் விளக்கு, ஸ்டியரிங் விளக்கு எல்லாம் ஒன்றாக. பார்த்தவுடன் வயிறு கலங்கும். பெரும்பாலும் இது அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான், எந்த வண்டியிலும் இருக்கும் அதே ஈய அமிலப் பேட்டரி.

பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும், அதை வண்டியோடு இணைக்கும் ரிலே என்ற மின் சுவிட்சுகளை இழுக்க 12 வோல்ட் வேண்டும். கம்ப்யூட்டர்களும் அதில்தான் விழிக்கின்றன. அது தளர்ந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு பொய்ப் பிழையைச் சொல்லும். மல்டிமீட்டரால் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.5க்கு மேல் இருந்தால் நல்லது. 12.2க்குக் கீழே என்றால் பலவீனம். 11 சொச்சம் என்றால் வண்டி கிளம்பாததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பிறகு வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்துக் கிளப்பி, வண்டி ஓடத் தயார் என்று காட்டும் பச்சை விளக்கு வந்ததும் மீண்டும் அளவிடுங்கள். 13க்கும் 14.5க்கும் இடையே வர வேண்டும். வரவில்லை என்றால் பெரிய பேட்டரியிலிருந்து சின்னதை ஏற்றும் கருவியைப் பார்க்க வேண்டும். வந்தால் 12 வோல்ட் பேட்டரியை மாற்றிவிட்டுப் பழைய பிழைகளை லீஃப் ஸ்பையில் அழியுங்கள். திரும்ப வராதவை எல்லாம் பொய்ப் பிழைகள்.

லீஃப் ஜம்ப் வாங்கலாம், பெட்ரோல் வண்டிக்குக் கொடுக்கக் கூடாது. பக்கத்து வீட்டு வேன் கிளம்பவில்லை என்று கேட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையகத்தில் இந்தக் கோளாறு கூடுதலாக வரக் காரணம் உண்டு. குளிர் இரவில் ஈய பேட்டரியின் பலம் குறையும். மூடுபனிக்கு லைட், மழைக்கு வைப்பர், கண்ணாடிக்குப் பின்புறச் சூடு என்று போட்டுக்கொண்டு பாடசாலைக்கும் டவுனுக்கும் குறுகிய ஓட்டமே ஓடினால் சின்ன பேட்டரி ஏறி நிரம்ப நேரமே கிடைப்பதில்லை.

"சார்ஜ் ஏறவில்லை", "பாதியில் நிற்கிறது", "பிளக் சுடுகிறது"

செருகியதும் டாஷ்போர்டின் மேல் இருக்கும் மூன்று நீல விளக்குகளைப் பாருங்கள். ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தால் ஏறுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தால் டைமர் போட்டிருக்கிறது, கோளாறு இல்லை. ஜப்பானில் இரவு மலிவுக் கட்டணத்துக்காக முந்தைய உரிமையாளர் வைத்த டைமர் இன்னும் அப்படியே இருக்கும் வண்டிகள் உண்டு. ஒன்றுமே எரியவில்லை என்றால் மின்சாரம் வண்டிக்கு வந்து சேரவில்லை. அப்போது கேபிள் பெட்டியில் உள்ள விளக்கைப் பாருங்கள்.

பெட்டியில் பிழை விளக்கு எரிந்தால் முதல் சந்தேகம் எர்த். சார்ஜ் கேபிள் எர்த் இல்லாத இடத்தில் வேலை செய்ய மறுக்கும், அது உங்கள் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு. பழைய லயன் வீடுகளிலும் தோட்டக் குவாட்டர்ஸ்களிலும் எர்த் கம்பி பெயருக்கு இருக்கும், இல்லாமலும் இருக்கும். பாறை நிலத்தில் எர்த் கம்பியை இரண்டடி இறக்கிவிட்டு மூடியிருப்பார்கள். வெயில் காலத்தில் மண் காய்ந்ததும் சார்ஜ் ஏறாது, மழை பெய்ததும் ஏறும். இந்த மாதிரி வானிலையோடு வந்து போகும் கோளாறு என்றால் எர்த்தைத்தான் பார்க்க வேண்டும். சிலர் பிளக்குக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி கேபிளை ஏமாற்றுகிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கார் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும், மழையில் கதவைத் தொடும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதை யார் செய்து தந்தாலும் உடனே கழற்றுங்கள்.

பிளக் சுடுவது வேறு கதை. வண்டியோடு ஜப்பானிலிருந்து வந்த 200 வோல்ட் கேபிள் 15 ஆம்பியர் வரை இழுக்கும், அதுவும் இடைவெளி இல்லாமல் எட்டு மணி நேரம். வீட்டுச் சதுரப் பிளக் 13 ஆம்பியருக்கானது, அதுவும் கேத்தில், அயன் மாதிரிக் கொஞ்ச நேரம் இழுக்கும் சாமான்களுக்கு. பொருத்தமில்லாத இந்த இரண்டையும் அடாப்டர் வைத்து இணைத்தால் பிளக் உருகும், சில நேரம் சொக்கெட்டின் பின்னால் சுவருக்குள் கருகும். ஏற ஆரம்பித்து அரை மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல் கை வையுங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே நிறுத்துங்கள். மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச், 4 சதுர மில்லிமீட்டர் கம்பி, நீல நிறத் தொழிற்சாலைச் சொக்கெட், இவ்வளவும் போட ஆகும் செலவு பெரிதில்லை. 100 வோல்ட் என்று மட்டும் எழுதிய கேபிள் வந்திருந்தால் அதை இங்கே செருகவே கூடாது.

நடு இரவில் நன்றாக ஏறி, மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை நின்று நின்று ஏறினால் வோல்ட் தாழ்வு. லைன் முடிவில் இருக்கும் வீடுகளில் எல்லோரும் அடுப்பும் டிவியும் போடும் நேரத்தில் வோல்ட் விழும். டைமரை இரவு பதினொன்றுக்கு வையுங்கள், பிரச்சினை முடிந்தது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி நேரத்தில் செருகாதீர்கள். மின்னல் தாக்கி வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் போனால் அந்தப் பாகம் மலிவு இல்லை.

"இறக்கத்தில் பிடிமானம் இல்லை, பிரேக் வாசம் வருகிறது"

இது பேட்டரி சம்பந்தப்பட்டது என்று பலர் நினைப்பதில்லை. இதைப் படிக்கிறவர்களில் மலை உச்சியில் வீடுள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது, கிடைக்கும் மின்சாரம் பேட்டரிக்குப் போகிறது. ஆனால் பேட்டரி 100 சதவீதம் நிரம்பியிருந்தால் அதற்கு இடம் இல்லை. வண்டி மோட்டார்ப் பிடிமானத்தைக் குறைத்துவிடும், சுமை முழுதும் சாதாரண பிரேக் மேல் விழும். நுவரெலியாவில் இரவு முழுக்க நிரப்பி, காலையில் நேரே றம்பொடைப் பக்கம் இறங்குகிறவருக்கு முதல் வளைவுகளிலேயே நேர்வது இதுதான். பெட்ரோல் வண்டியில் இரண்டாம் கியர் போட்டு இறங்கிப் பழகிய கால், இங்கே எதையும் பிடிக்காத வண்டியைச் சந்திக்கிறது.

மீட்டரில் மேலே வரிசையாக வட்டங்கள் இருக்கின்றன. வலப்பக்கம் செலவாகும் பலம், இடப்பக்கம் திரும்பி வரும் பலம். இடப்பக்க வட்டங்கள் சில வழக்கத்தைவிட மங்கிக் குறைந்திருந்தால் பிடிமானம் கட்டுப்பட்டிருக்கிறது என்று வண்டியே சொல்கிறது. பேட்டரி குளிர்ந்திருந்தாலும் இப்படி ஆகும், ஜனவரி அதிகாலையில் சார்ஜ் 80 இருந்தும் முதல் சில கிலோமீட்டர் பிடி குறைவாக இருப்பது அதனால்.

தீர்வு எளிது. மேலே வீடு என்றால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். இறங்கும்போது செலவே ஆகாது, நுவரெலியாவிலிருந்து கம்பளை இறங்கினால் நிதானமாக ஓட்டுகிறவருக்கு மேலதிகமாக இரண்டு யூனிட் வரை பேட்டரிக்குத் திரும்பும். பேட்டரியின் ஆயுளுக்கும் 80 நல்லது. பி என்ற கியர் நிலை உள்ள வண்டியில் இறக்கம் முழுக்க அதில் வையுங்கள். அது இல்லாத பழைய வண்டியில் ஈக்கோவில் பிடி கூடும்.

மாறாக, மோட்டாரே எல்லாம் பிடித்துக்கொள்வதால் பிரேக் தட்டுகள் வேலையில்லாமல் துருப்பிடிக்கும் வண்டிகளும் உண்டு. வட்டவளை, ஹட்டன் பக்கத்து ஓயாத மழையில் பிரேக் தட்டைப் பிடிக்கும் கேலிப்பர் இறுகிப்போய்ச் சக்கரம் உராயும், அதுவும் சார்ஜைத் தின்னும். ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

"குளிர், மழை என்றால் ஓட்டம் பாதியாகிறது"

பாதி ஆகாது, ஆனால் நன்றாகக் குறையும். ஹீட்டர் போட்ட முதல் நிமிடங்களில் சில கிலோவாட் இழுக்கும். மலை வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு வண்டி ஓடவே நான்கைந்து யூனிட்தான் ஆகிறது என்னும்போது இது பெரிய பங்கு. கண்ணாடி மூடுபனிக்கு ஹீட்டர் தேவையில்லை, ஏசியை வெளிக்காற்றில் வைத்தாலே ஈரம் உறிஞ்சப்படும். சீட் சூடாக்கி இருந்தால் அதைப் பாவியுங்கள், அது மிகக் குறைவாகவே இழுக்கும். புறப்படும் முன்பு, பிளக்கில் இருக்கும்போதே உள்ளே சூடாக்கிக்கொள்வது இன்னும் நல்லது.

இந்தக் குளிர் இன்னொரு பக்கம் நமக்கு வரம். லீஃப் பேட்டரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது, சுற்றியுள்ள காற்றுதான். 2012இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவன வெயிலில் ஓடிய லீஃப்கள் சீக்கிரமே கட்டங்களை இழந்து உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள், அதன் பிறகுதான் நிசான் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் அறிவித்தது. பண்டாரவளையிலும் தலவாக்கலையிலும் வாழும் பேட்டரிக்கு அந்த வெயில் இல்லை. ஆனால் ஏற்றம் முடிந்த கையோடு வேக சார்ஜரில் போட்டால் வெப்பமானி சிவப்பை நோக்கிப் போகும். கொஞ்ச நேரம் ஆறவிட்டுச் செருகுங்கள்.

"12 கட்டமும் இருக்கு" என்று சொல்லி விற்கிறார்கள்

அண்மையில் வாங்கிய வண்டி வாரா வாரம் கட்டம் இழந்தால், விற்றவர் பேட்டரிக் கம்ப்யூட்டரை ரீசெட் செய்திருக்கலாம். ரீசெட் செய்தால் பழைய பேட்டரியும் 12 கட்டம் காட்டும், பிறகு உண்மையைக் கற்றுக்கொண்டு மெல்ல இறங்கும். வாங்கும் முன் கட்டத்தை நம்பாமல் ஏற்றத்தில் சோதியுங்கள்: முழுதாக ஏற்றி, உயரம் தெரிந்த ஒரு சாலையில் ஏறி, மேலே சொன்ன கணக்கோடு செலவான சதவீதத்தை ஒப்பிடுங்கள். 500 மீட்டர் உயரமும் 20 கிலோமீட்டர் தூரமும் என்றால் ஐந்து யூனிட் அளவு ஆக வேண்டும். அதற்கு 24 சதவீதம் செலவானால் புதிய பேட்டரிக்குச் சமம், 36 செலவானால் அது 8 கட்ட வண்டி. 30 யூனிட் லீஃபில் மட்டும் இதற்கு எதிர்மாறான சிக்கல் இருந்தது, பேட்டரி நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் குறைத்துக் காட்டியது. 2018இல் நிசான் அதற்கு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. அத்தகைய வண்டி என்றால் திருத்தம் போட்டதா என்று கேளுங்கள்.

இறக்குமதித் தடை நீங்கி 2025இலிருந்து வரும் சீனச் சிறு கார்கள் பலவற்றில் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைச் செல்கள். அவற்றின் வோல்ட், பாதி சார்ஜிலும் முக்கால் சார்ஜிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால் கம்ப்யூட்டருக்கு மிச்சத்தை ஊகிப்பது கடினம். 20 சதவீதத்திலிருந்து திடீரென்று 8க்குக் குதித்தால் முதலில் 100 வரை முழுதாக ஏற்றி அளவைச் சரிசெய்துகொள்ள விடுங்கள். லீஃபுக்குச் சொன்ன 80 சதவீத விதியை அவற்றுக்கு எப்போதும் பின்பற்றக் கூடாது, கையேட்டில் சொன்ன இடைவெளியில் முழுதாக நிரப்புங்கள்.

"நடுவழியில் நின்றுவிடும் போல இருக்கிறது"

கோடுகள் வந்தும் ஏற்றம் மிச்சம் இருந்தால், ஆமைக்காகக் காத்திருக்காமல் பாதுகாப்பான இடத்தில் வண்டியைத் திருப்புங்கள். இறக்கத்தில் ஒவ்வொரு கிலோமீட்டரும் கொஞ்சம் சார்ஜைத் திருப்பித் தரும், கடைசியாகத் தாண்டி வந்த டவுன்வரை வண்டி தானே போய்ச் சேரும். ஆமை வந்து முழுதாக அணைந்துவிட்டால் பிளக்கில் செருகும்வரை மறுபடி கிளம்பாது. அப்போது கட்டி இழுக்க வேண்டியிருந்தால், முன்சக்கரங்கள் தரையில் உருளக் கூடாது. மோட்டார் அவற்றோடுதான் இணைந்திருக்கிறது, உருண்டால் அது மின்சாரம் உண்டாக்கிச் சேதப்படுத்தும். முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கும் வண்டியை, முடிந்தால் முழுதாக ஏற்றிச் செல்லும் கேரியரைக் கூப்பிடுங்கள்.